என் வண்டிக்கு மூக்கு வாங்கிய கதை

மாட்டுக்கு வைக்கிற தெர்மாமீட்டரை வண்டியின் பானெட்டுக்குள் வைத்துப் பார்த்தவள், எனக்குத் தெரிந்து நான் ஒருத்திதான்.

தஞ்சாவூரில் கார் உதிரிபாகம் விற்கிற ஒரு கடை. மார்கழி மாதம், காலை பதினொரு மணி இருக்கும். கடைக்காரர் ஷாகுல் கண்ணாடி மேஜைமேல் ஒரு பளபளக்கும் குழாயை எடுத்து வைத்தார். குழாயின் ஒரு முனையில், கவிழ்த்த பூந்தொட்டி மாதிரி, சிவப்பாக ஒரு ஃபில்டர்.

"இது கோல்ட் ஏர் கிட் மேடம். பழைய ஃபில்டர் பெட்டியத் தூக்கிப் போட்டுட்டு இத மாட்டிட்டா என்ஜின் குளுகுளுன்னு காத்து இழுக்கும். பிக்கப் பிச்சுக்கும்."

"குளுகுளுன்னா எவ்வளவு குளிரு?" என்று கேட்டேன்.

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. என் பழைய டீசல் வண்டி, ஏழு பேர் உட்காரும் எஸ்யூவி, ஒரத்தநாட்டிலிருந்து ஓடி வந்த சூட்டோடு வாசலில் நின்றது. பானெட்டைத் திறந்து, அந்தச் சிவப்பு ஃபில்டர் எந்த இடத்தில் உட்காரும் என்று கேட்டு, அதே இடத்தில் என் பையிலிருந்த தெர்மாமீட்டரை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் அது கீச்சிட்டது. எண்ணுக்குப் பதிலாக 'H' என்று காட்டியது. அளக்க முடியாத சூடு என்று அர்த்தம்.

"இது மாடா இருந்தா இந்நேரம் செத்திருக்கும்" என்றேன்.

"மேடம், இது கார்" என்றார் ஷாகுல், மிகுந்த பொறுமையோடு.

அடுத்து, தடுப்பூசி கொண்டுபோகிற ஐஸ் பெட்டியிலிருந்த தெர்மாமீட்டரை எடுத்து வைத்தேன். அதுவும் தன் கடைசிக் கோட்டைத் தொட்டு நின்றது. பிறகு அதையே ஹெட்லைட்டுக்குப் பின்னால், கம்பெனிக்காரன் வைத்திருந்த பழைய காற்றுக்குழாயின் வாயருகே கொண்டுபோனேன். சரசரவென்று இறங்கி, ஏறக்குறைய தெருவின் சூட்டுக்கே வந்துவிட்டது.

ஆக, குளிர்ந்த காற்று எங்கே இருக்கிறது என்று பார்த்து, கம்பெனிக்காரனே அங்கே மூக்கை வைத்துத்தான் அனுப்பியிருக்கிறான். இந்தப் பளபளப்புக் குழாய் அடுப்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அடுப்பின் காற்றையே குடிக்கப் போகிறது. இதை ஷாகுலிடம் சொன்னேன்.

அவர் யோசித்தார். "ஆனா சவுண்டு நல்லா இருக்கும் மேடம்" என்றார்.

மாடு எங்கே?

ஆடு மாடு வைத்தியம் பார்த்த அனுபவங்களை எழுதச் சொல்லித்தான் இந்தத் தொடரை என்னிடம் கொடுத்தார்கள். கார் சாமான் பற்றி எதற்கு இந்த அம்மாள் அளக்கிறாள் என்று சிலர் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.

மாடு வரும். இது ஒரு ஃபில்டர் வாங்கிய கதைதான். ஆனால் அந்த ஃபில்டரால் ஒரு கன்று செத்துப்போனது. செத்ததற்குக் காரணம் நான். இதை எழுதாமல் எத்தனையோ வாரங்களை ஓட்டிவிட்டேன். சினை ஊசி, கோமாரி, ஆடு பிளாஸ்டிக் தின்ற கதை என்று எதையெதையோ எழுதினேன். இந்த வாரம் இதை எழுதிவிட வேண்டும்.

பெட்டிக்குள் ஒரு வெட்டுக்கிளி

எனக்கு ஏன் ஃபில்டர் மேல் கவனம் போனது என்று முதலில் சொல்ல வேண்டும்.

அரசாங்க வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் கூப்பிடுகிற ஊருக்கெல்லாம் போய்க்கொண்டிருக்கிறேன். ஒரத்தநாட்டில் வீடு. ஒரு பக்கம் பாபநாசம் வரைக்கும், இன்னொரு பக்கம் நீடாமங்கலம் வரைக்கும் எனக்கு மாடுகள் உண்டு. வண்டி இல்லாவிட்டால் எனக்குக் கை இல்லாத மாதிரி.

தை, மாசியில் சம்பா அறுவடை. எந்தப் பக்கம் திரும்பினாலும் அறுவடை மிஷின் பதரைக் கக்கிக்கொண்டு நிற்கும். பாதி சாலையில் நெல் காயும். அது முடிந்தால் உளுந்து. செடியைப் பிடுங்கி வந்து தார்ச்சாலையில் பரப்பிவிடுவார்கள். பஸ்ஸும் லாரியும் ஏறி இறங்க ஏறி இறங்க, காய் வெடித்து மணி உதிரும். நீங்கள் எங்கள் பக்கம் சுற்றுலா வந்திருந்தால், உங்கள் காரும் கூலி வாங்காமல் யாருக்கோ உளுந்து அடித்துக் கொடுத்திருக்கும்.

அந்தத் தூசி சாதாரணத் தூசி இல்லை. நெல்லின் சுணை. உடம்பில் பட்டால் நாள் முழுவதும் அரிக்கும். அதைத்தான் வண்டியும் இழுக்கிறது.

அதற்கு முந்தைய அறுவடையில் வண்டி மூச்சு வாங்க ஆரம்பித்தது. மதகு மேட்டில் ஏற முக்கியது. ஃபில்டர் பெட்டியைத் திறந்து பார்த்தேன். பதர், உளுந்துப் பொட்டு, காய்ந்த வைக்கோல் துணுக்கு. நடுவில் ஒரு வெட்டுக்கிளி, கால்களை மடக்கி, ஜெபம் பண்ணுகிற மாதிரி இருந்தது. காகித ஃபில்டர் கறுத்துப்போயிருந்தது. அது மாற்றி மூன்று வாரம்கூட ஆகவில்லை.

எனக்கு ஒரே ஆச்சரியம். நிமோனியா வந்த மாட்டின் நுரையீரலை எத்தனையோ தடவை அறுத்துப் பார்த்திருக்கிறேன். தினமும் என்னைச் சுமக்கிற ஒன்று எதை மூச்சாக இழுக்கிறது என்று மட்டும் அதுவரை பார்த்ததே இல்லை.

அன்றிலிருந்து எனக்கு இதே நினைப்பாகிவிட்டது. ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு காற்று ஃபில்டர் வீடியோக்களாகப் பார்த்தேன். பாலைவனத்தில் ஓட்டுகிறவன், பந்தயத்தில் ஓட்டுகிறவன், பனியில் ஓட்டுகிறவன் எல்லோரும் பேசினார்கள். உளுந்து மேல் ஓட்டுகிறவன் ஒருவன்கூட இல்லை.

தம்பி சொன்னது

என் தம்பி ஜெயசீலனிடம் அறுவடை மிஷின் இருக்கிறது. எங்கள் அப்பா பண்ணையாள் வேலையில் ஆரம்பித்து, அதே பண்ணையில் டிராக்டர் டிரைவர் ஆனவர். நான் படிப்புப் பக்கம் போனேன். தம்பி அப்பாவோடு டிராக்டர் பக்கம் போய், கடைசியில் சொந்தமாக மிஷின் எடுத்தான். டயர் வண்டி. சேற்றில் இறங்குகிற பெல்ட் வண்டி எடுக்க வேண்டும் என்பது அவனுடைய நீண்ட நாள் ஆசை.

ஷாகுல் கடைக்குப் போவதற்கு முன்னால் அவனிடமும் கேட்டேன். சும்மா பேச்சுக்குத்தான்.

"மிஷின்ல எங்க மூக்கு வெச்சிருக்கான் பாத்தியாக்கா? உச்சில வெச்சிருக்கான்" என்றான். "தூசியெல்லாம் கீழதான் கெடக்கும். உன் வண்டிக்கும் கண்ணாடி ஓரமா ஒரு கொழாய மேல ஏத்து. அது தலையில டிராக்டருக்கு வெக்கிற கிண்ணத்த மாட்டு. காத்து உள்ள வரும்போதே சுத்தி விட்டுரும். கனமான தூசியெல்லாம் கிண்ணத்துல விழுந்துரும். உள்ள பேப்பர் ஃபில்டரே போதும். சாயங்காலம் கிண்ணத்தக் கொட்டு. அவ்வளவுதான் வேல."

"காருக்கு டிராக்டர் கிண்ணமா?"

"ஏன், காருக்கு மூக்கு இல்லியா?"

"இது டிராக்டர் இல்லடா. இதுல கம்ப்யூட்டர் எல்லாம் இருக்கு. உனக்குப் புரியாது" என்றேன்.

அவன் தலையைச் சொறிந்தான். அவனைவிட ஆறு வயது மூத்தவள், பட்டம் வாங்கியவள், வீடியோ பார்த்தவள். எனக்குத் தெரியாததா அவனுக்குத் தெரியப்போகிறது? இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

மூன்று பொருள்கள்

ஷாகுல் கடையில் என் முன் இருந்தவை மூன்று. பளபளப்புக் குழாயோடு சிவப்பு ஃபில்டர். வண்டியின் ஓரமாகக் கூரை வரை ஏறுகிற ஸ்நார்க்கல் குழாய். கடைசியாக, பழைய பெட்டிக்குள்ளேயே உட்காருகிற பஞ்சுத்துணி ஃபில்டர்.

முதலாவது என் தெர்மாமீட்டரிடம் தோற்றுவிட்டது. இரண்டாவதைப் பற்றி ஷாகுல் ஆசையாகப் பேசினார். "ஆத்துல இறங்கினாகூட வண்டி நிக்காது மேடம்" என்றார். எனக்கு ஆற்றில் இறங்குகிற வேலை இல்லை. அந்தக் குழாயோடு ஆராதனைக்குப் போய் இறங்கினால் சபையார் என்ன சொல்வார்கள் என்றும் ஒரு யோசனை.

மூன்றாவதுதான் எனக்குப் பிடித்தது. துணி மடிப்புகள், இரண்டு பக்கமும் வலை. கழுவலாம், காய வைக்கலாம். காய்ந்த பிறகு கூடவே வரும் சின்னக் குப்பியிலிருந்து எண்ணெயைத் துளித்துளியாக விட வேண்டும். துணியில் எண்ணெய் ஊறித் தூசியைப் பிடித்துக்கொள்ளும்.

இது எனக்கு உடனே புரிந்தது. மாட்டின் மூக்கைத் தொட்டுப் பாருங்கள், எப்போதும் ஈரமாக இருக்கும். உள்ளேயும் ஈரம்தான். தூசி அதில் ஒட்டிக்கொள்ளும், நுரையீரலுக்குப் போகாது. மூக்கு காய்ந்தால் மாட்டுக்கு உடம்பு சரியில்லை என்று சின்னப் பிள்ளையும் சொல்லும். ஆண்டவர் செய்த அதே வேலையை ஃபில்டர் கம்பெனிக்காரனும் செய்திருக்கிறான் என்று சந்தோஷமாக வாங்கிக்கொண்டு வந்தேன்.

புதிதாக வந்தபோதே அதில் அளவாக எண்ணெய் போட்டுத்தான் கொடுத்திருந்தார்கள். அப்படியே மாட்டியிருந்தால் இந்த அத்தியாயமே இல்லை.

அப்பாவின் டிராக்டர்

இங்கே கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அப்பா ஓட்டிய பழைய டிராக்டரில் காகித ஃபில்டர் கிடையாது. பானை மாதிரி ஒன்று இருக்கும். அதன் அடியில் எண்ணெய். உள்ளே வருகிற காற்று எண்ணெயில் மோதி, தூசியை அங்கே விட்டுவிட்டு மேலே போகும். வாரம் ஒருமுறை அதைக் கழற்றி, அடியில் படிந்த கறுப்புச் சேற்றை வழித்துப் போட்டு, டீசலில் அலசி, புது எண்ணெய் ஊற்ற வேண்டும்.

பள்ளிக்கூடம் இல்லாத நாளில் அந்த வேலை என்னுடையது. எண்ணெய் குறைவாக இருந்தால் அப்பாவுக்குக் கோபம் வரும். "கோடு வரைக்கும் ஊத்தும்மா. எண்ணெ கம்மியானா மண்ணு நேரா என்ஜினுக்குப் போயிரும்" என்பார். நான் கோட்டுக்கு மேலேயே ஊற்றுவேன். அப்பாவின் முகம் மலரும்.

கால்நடை மருத்துவம் படித்தேன். ஊர் ஊராக வேலை பார்த்தேன். தலை நரைத்தது. ஆனால் என் கைக்கு அந்தப் பாடம் மறக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து வந்து புது ஃபில்டரைக் கையில் எடுத்தேன். துணி லேசாக ஈரப்பசையோடு இருந்தது. இது போதுமா என்று தோன்றியது. அறுவடை தொடங்கப் போகிறது. குப்பியைத் திறந்தேன். பல தடவைக்கு என்று கொடுத்த எண்ணெய் மொத்தத்தையும் மடிப்பு மடிப்பாக ஊற்றினேன். காகிதத்தில் ஏதோ எச்சரிக்கை அச்சடித்திருந்தது. எழுத்து பொடியாக இருந்தது, கண்ணாடி உள்ளே இருந்தது.

டிராக்டர் வேறு கார் வேறு என்று தம்பிக்கு வகுப்பு எடுத்தவள், காரின் ஃபில்டருக்கு டிராக்டர் வைத்தியம் பார்த்தேன். வெளியூர்க்காரன் எவனும் இந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டான். அவன் அந்தப் பானையைக் கழுவி வளர்ந்திருக்க மாட்டான்.

மாட்டி முடித்து, ஸ்டெதாஸ்கோப்பைக் குழாய்மேல் வைத்துக் கேட்டேன். கன்றின் நெஞ்சு மாதிரி சீராகச் சத்தம் வந்தது. எவ்வளவு பெருமைப்பட்டேன் தெரியுமா?

அமுதாவின் போன்

தை கடைசி. காலை ஏழு மணி. நீடாமங்கலம் பக்கத்திலிருந்து அமுதா போன் செய்தாள். கணவர் வெளியூரில் வேலை. இரண்டு மாடும் கொஞ்சம் நிலமும் அவள் பொறுப்பு. மாடுகளில் ஒன்று சிட்டு, ஜெர்ஸி கலப்பு, முதல் ஈற்று.

"டாக்டரம்மா, விடியறதுலேர்ந்து முக்குது. பனிக்குடம் ஒடஞ்சிருச்சு. ரெண்டு கால் தெரியுது, மூஞ்சியக் காணும். பக்கத்து வீட்டுக்காரங்க கயிறு கட்டி இழுக்கலாங்கறாங்க."

எனக்குப் புரிந்துவிட்டது. கன்றின் தலை பின்பக்கம் திரும்பியிருக்கிறது. அப்படியே இழுத்தால் தாயும் கிழிந்துவிடும். கையை விட்டுத் தலையை நேராக்க வேண்டும். நேரத்தோடு போனால் இரண்டையும் காப்பாற்றலாம்.

"யாரையும் இழுக்க விடாத. நான் வர்ற வரைக்கும் கயித்தக் கட்டவே கூடாது. முக்கால் மணி நேரத்துல அங்க இருப்பேன்" என்றேன்.

"சரிங்க டாக்டரம்மா" என்றாள்.

பாதி வழியில், என்ஜின் கோளாறைக் காட்டுகிற மஞ்சள் விளக்கு ஸ்டியரிங்குக்குப் பின்னால் எரிந்தது. வண்டி இழுக்கவில்லை. ஒரு மதகின் ஏற்றத்தில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் அணைந்துவிட்டது. மறுபடி சாவி, மறுபடி உறுமல், மறுபடி அமைதி. கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடும் என்று நினைத்தேன். அப்படி நினைத்தே அரை மணி நேரத்துக்கு மேல் போக்கினேன். அதற்குள் அமுதா இரண்டு தடவை கூப்பிட்டாள். இரண்டு தடவையும் "இதோ வந்துட்டேன்" என்றேன்.

பிறகுதான் தம்பிக்குப் போன் செய்தேன். எங்கோ அறுத்துக்கொண்டிருந்தவன் மிஷினை நிறுத்திவிட்டு பைக்கில் வந்தான். வந்ததும் ஃபில்டர் பெட்டியைத் திறந்தான்.

நானும் எட்டிப் பார்த்தேன். பெட்டியின் அடியில் எண்ணெய் தேங்கி நின்றது. துணி மடிப்பெல்லாம் எண்ணெயும் சுணையும் குழைந்து, மண்சுவருக்குப் பூசிய சாணி மாதிரி அப்பியிருந்தது. காற்று நுழைய வழியே இல்லை. அதைத் தாண்டிய குழாயில் மயிரிழைக் கம்பியோடு ஒரு சென்சார். போகிற காற்றை அளந்து கம்ப்யூட்டருக்குச் சொல்வது அதுதான். அதன்மேலும் எண்ணெய்.

தம்பி விரலால் தொட்டு முகர்ந்தான். என் முகத்தைப் பார்த்தான். அவனுக்கும் அப்பா அதே டிராக்டரில்தான் வேலை கற்றுக் கொடுத்தார். நான் சொல்லாமலே தெரிந்துகொண்டான்.

"பையத் தூக்கு. பைக்குல ஏறு" என்றான். 

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இரண்டு மணி நேரத்துக்குமேல் ஆகியிருந்தது. சிட்டு படுத்துக் கிடந்தது. கயிறு திண்டின்மேல் சுற்றிய சுற்றுக் கலையாமல் இருந்தது. யாரும் தொடவில்லை. நான் சொன்ன வார்த்தைக்காகத் தெருவே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

கையை விட்டேன். கன்றின் நாக்கைத் தொட்டேன். அசைவில்லை. தலையைத் திருப்பி வெளியே எடுத்தேன். கிடாரி, பெண் கன்று. நெற்றியில் வெள்ளைப் பொட்டு. மாடு பிழைத்தது.

"வண்டி நின்னுபோச்சு அமுதா" என்றேன்.

"மிஷினுதானே, நீங்க என்ன பண்ணுவீங்க? பரவால்லங்க" என்றாள். அழுதுகொண்டே எனக்குக் கைகழுவத் தண்ணீர் ஊற்றினாள். எனக்குப் பின்னால் தம்பி நின்றிருந்தான். நான் சொன்னது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். கையை மட்டும் கழுவிக்கொண்டேன்.

கிண்ணம்

அடுத்த வாரமே தம்பியிடம் போய் நின்றேன். "உன் கிண்ணத்தை மாட்டிக் குடுடா."

எவ்வளவோ குத்திக் காட்டியிருக்கலாம். அவன் அளவு பார்க்க ஆரம்பித்துவிட்டான். இதில் எனக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருந்தது. டிராக்டர் என்ஜின் நிதானமாகச் சுற்றும், கார் என்ஜின் வேகமாகச் சுற்றும். அதே அளவுக் கிண்ணம் வைத்தால் மூச்சு முட்டும்.

"ஒரு சைஸ் பெருசா வேணும்க்கா" என்றான். நான் பார்த்த வீடியோ எதிலும் இது இல்லை.

ஷாகுலிடம் ஸ்நார்க்கல் வாங்கினோம். கண்ணாடி ஓரமாக ஏற்றி, உச்சியில் கிண்ணம் வைத்தோம். ஒளி ஊடுருவுகிற கிண்ணம், தூசி எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். உள்ளே பழையபடி காகித ஃபில்டர். எண்ணெய் பட்ட சென்சாரை மெக்கானிக் சுத்தம் செய்து கொடுத்தார். சபையில் சிரித்தார்கள்தான். போதகரே சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார்.

ஒரு வாரம் அறுவடைத் தூசியில் ஓட்டிவிட்டு, ஃபில்டரைத் தாண்டிய குழாயின் உள்ளே வெள்ளைப் பஞ்சால் துடைத்தேன். பஞ்சு வெள்ளையாகவே வந்தது. தம்பிக்குப் படம் எடுத்து அனுப்பினேன். அவன் கட்டைவிரல் ஒன்றைத் திருப்பி அனுப்பினான்.

அந்தப் பருவத்தில் ஒரு விஷயத்தைக் கவனித்தேன். அமுதாவின் தெருக்காரர்கள் வயலில் எப்போதும் தம்பியின் மிஷின்தான் அறுக்கும். அந்தத் தடவை வேறு யாருடைய மிஷினோ இறங்கியிருந்தது. அதற்கடுத்த சம்பாவிலும் அப்படியே.

"ஏன்டா அங்க போகல?" என்று கேட்டேன்.

"அங்க சேறுக்கா. டயர் வண்டி இறங்காது" என்றான்.

எதைப் பார்த்தாலும் ஏன், எப்படி என்று குடைகிறவள் நான். அன்று அதோடு விட்டுவிட்டேன்.

பங்குனி வெயில்

மறு வருஷம் பங்குனி. சாலை முழுக்க உளுந்து. பட்பட்டென்று டயருக்கடியில் காய் வெடிக்க, அமுதா வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனேன். சிட்டுவுக்கு இரண்டாவது ஈற்று. போகிற வழியெல்லாம் என் கண் மஞ்சள் விளக்கு இருக்கிற இடத்திலேயே இருந்தது. அது எரியவில்லை.

இந்த முறை தலை நேராக இருந்தது. கன்றுதான் பெரிது. நானும் அமுதாவும் கயிறு கட்டி, மாடு முக்கும்போதெல்லாம் இழுத்தோம். வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. மூக்கைத் துடைத்து வைக்கோலால் தேய்த்துவிட்டதும் தும்மியது. மறுபடியும் கிடாரி. எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது.

டீ குடித்துவிட்டு, கிளம்புவதற்கு முன் கிண்ணத்தைக் கழற்றினேன். வந்த வழியிலேயே நிறைந்துவிட்டிருந்தது. அமுதா வேடிக்கை பார்த்தாள்.

"இது என்னங்க டாக்டரம்மா, வண்டி தலைமேல?"

"இதான் இப்ப இதுக்கு மூக்கு. தம்பி மாட்டிக் குடுத்தான்."

அவள் முகம் மாறிவிட்டது. "அவரையா மறுபடி வண்டியத் தொட விட்டீங்க?"

"ஏன்?"

"அன்னைக்கு எண்ணெய ஊத்தி வண்டியக் கெடுத்தது அவருதானே? கன்னு செத்து ரெண்டாம் நாளு அவரே வந்து சொன்னாரே. அக்காவுக்கு ஒண்ணும் தெரியாது, அரைகுறையாத் தெரிஞ்சு நான்தான் கைய வெச்சேன்னு. இந்தத் தெருவுல ஆளாளுக்குப் பேசிட்டாங்க. நானும்தான் பேசினேன். இனிமே உங்க மிஷின் இந்தப் பக்கம் வரவேண்டாம்னு சொல்லிட்டோம்."

கிண்ணம் கையில் இருந்தது. அப்படியே வண்டியின் படிமேல் உட்கார்ந்தேன்.

"எண்ணெய் ஊத்தினது நான் அமுதா" என்றேன். "அவன் பேப்பர் ஃபில்டரே போதும்னுதான் சொன்னான். நான்தான் கேக்கல. அன்னைக்கு உங்கிட்ட சொல்லாம இருந்ததும் நான்தான்."

அவள் என்னைப் பார்த்துக்கொண்டே நின்றாள். உள்ளே சிட்டு கன்றை நக்குகிற சத்தம் கேட்டது.

"ரெண்டு மகசூலா அந்த மனுசன் மொகத்தப் பாத்து நாங்க பேசலைங்க. நீங்க சொல்லியிருக்கலாம்" என்றாள். குரலில் கோபம் இருந்தது. இருக்க வேண்டியதுதான். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"அவரு நம்பர் சொல்லுங்க."

சொன்னேன். ஸ்பீக்கரில் போட்டாள்.

"நீடாமங்கலத்துப் பக்கமிருந்து அமுதா பேசறேங்க. அடுத்த அறுப்புக்கு நம்ம தெருவுக்கு உங்க மிஷின்தான் வரணும்."

"அங்க சேறுங்களேம்மா" என்றான் தம்பி. "டயர் வண்டி இறங்காது."

"சேறெல்லாம் ஒண்ணும் இல்லைங்க. டாக்டரம்மா எல்லாத்தையும் சொல்லிட்டாங்க."

உடனே தம்பி கேட்டான்: "அக்கா, பக்கத்துலயா இருக்க?"

"இருக்கேன்டா."

"ஏன்க்கா சொன்ன?"

"நீ ஏன்டா சொன்ன?" என்றேன்.

"எம்பேரு கெட்டா அறுக்க இன்னொரு மிஷின் வரும். உன் பேரு கெட்டு, கூப்பிடறத நிறுத்திட்டாங்கன்னா இந்த மாடுங்களுக்கெல்லாம் யாருக்கா வருவா?" என்றான். பிறகு அவனே கேட்டான்: "அத விடு. கிண்ணத்தக் கொட்டினியா?"

கிண்ணம் அப்படியே என் கையில் இருந்தது. அமுதா அதை வாங்கி, குப்பைமேட்டில் கொட்டி, நைட்டிமேல் போட்டிருந்த துண்டால் உள்ளும் புறமும் துடைத்து, என்னிடம் திருப்பிக் கொடுத்தாள்.